பெல் ஏன் அடிக்கவில்லை

ஈயம்தான். ஈயம் சரியாகப் பிடித்திருக்காது, வேறு என்ன இருக்க முடியும் என்று சொல்லிக்கொண்டே நவமணி டிபன் டப்பாவின் மூடியைத் திறந்தாள். சொன்னது வாய்க்குள்தான், ஆனால் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து வாய்க்குள் சொல்வதும் வெளியே சொல்வதும் அவளுக்கு ஒன்றாகிப்போயிருந்தது. நேற்று ஆஸ்பத்திரியில் சென்னியப்பனின் நெற்றியில் தையல் போடும்போது டாக்டர் இவளைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கணபதி வட்டாரத்துக்கே ரவிக்கை தைத்துக் கொடுக்கிற கை, புருஷன் நெற்றியில் விழுகிற தையலைப் பார்க்க முடியாமல் ஆடியது, நர்ஸ் வந்து இவளைத் தள்ளிவிட்டுத் தானே பிடித்துக்கொண்டாள். இப்போது அவர் உள்ளறைக் கட்டிலில் மாத்திரை மயக்கத்தில் கிடக்கிறார். இவள் முன்னறையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் கூப்பிடுவதற்கென்று தன் கையாலேயே செய்த பெல்லைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். வெயில் மெஷின் மிதி வரைக்கும் வந்துவிட்டது. விஜயதசமிக்குத் தெருமுனையில் பாட்டு போட்டிருக்கிறார்கள். நேற்று ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் போட்ட செவ்வந்தி மாலை வாடித் தொங்குகிறது. உள்ளறை வாசலில் பொரி சிதறிக் கிடக்கிறது, அவள் கையிலிருந்து தட்டோடு விழுந்த பொரி, மிதித்துக்கொண்டு ஓடியதில் பாதி தூளாகிவிட்டது, இன்னும் பெருக்கவில்லை. பெருக்கலாம், சோறாக்கலாம், குளிக்கலாம், எல்லாம் அப்புறம். இது முதலில் தெரிந்தாக வேண்டும். நேற்று அவர் விழுந்தாரே, அப்போது பெல் ஏன் அடிக்கவில்லை.

பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை அந்தப் பெல். ஒரு பேட்டரி, சத்தம் போடுகிற ஒரு பஸ்ஸர், எட்டுக் கால் வைத்த கறுப்புப் பூச்சி மாதிரி ஒரு ஐசி, இன்னும் அரிசி அளவு, பயறு அளவில் நாலைந்து சாமான், எல்லாம் ஒரு சின்னப் போர்டில், அந்தப் போர்டு ஒரு டிபன் டப்பாவுக்குள். அதிலிருந்து நீள ஒயர் சுவரோரமாகப் போய் அவர் கட்டிலில் முடியும், அங்கே ஒரு சோப்பு டப்பாவில் பெரிய பட்டன். மாசி மாசம் லேத் பட்டறையில் நின்றுகொண்டிருந்தவரைப் பக்கவாதம் அடித்துக் கொண்டுவந்து போட்டதிலிருந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. கூப்பிட வழியில்லை. இடது கை இருக்கிறது, அதுவும் முழுசாக இல்லை, கட்டை விரலை வைத்து லேசாகத் தட்டலாம், அழுத்திப் பிடிக்க முடியாது. கடையில் வாங்கிய பெல்லின் பட்டன் அவர் விரலுக்குக் கல்லாக இருந்தது, அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்குத்தான் நவமணிக்கு ரோஷம் வந்தது. போனில் வீடியோ பார்த்தாள். தட்டினால் போதும், விட்டுவிட்டாலும் கொஞ்ச நேரம் தானாகவே அடித்துக்கொண்டிருக்கும், அதற்கு ஒரு ஐசி இருக்கிறது என்று அந்த வீடியோக்காரன் சொன்னான். டவுன்ஹால் பக்கம் போய்ச் சாமான் வாங்கிவந்தாள். முதல் போர்டு கருகிப்போயிற்று. இரண்டாவதில் ஐசியைத் தலைகீழாகப் போட்டுவிட்டாள், தொட்டால் விரல் பொசுங்கியது. ஈயம் உருண்டை உருண்டையாக உட்கார்ந்ததே ஒழிய ஒட்டவில்லை. மேலே பளபளவென்று ஒட்டியது போலவே இருக்கும், அடியில் ஒட்டியிருக்காது, இதற்கு டிரை சால்டர் என்று பெயர், இன்றைக்கு வேலை செய்யும், நாளைக்குக் காலை வாரும் என்று அந்த வீடியோக்காரன் சொன்னதைக் கேட்டபோது, அட, இது நம் சொந்தபந்தம் மாதிரி அல்லவா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு மத்தியானம் பெல் அடித்தே விட்டது. சென்னியப்பன் தட்டினார், அடித்தது, மறுபடி தட்டினார், அடித்தது. கல்யாணத்தன்றுகூட அவரை அப்படிப் பார்த்ததில்லை. அன்றைக்கு முழுக்க ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூப்பிட்டார், இவளும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஓடினாள்.

அந்தப் பெல்தான் நேற்று அடிக்கவில்லை. அடிக்கவில்லை, அடிக்கத்தான் இல்லை, அடித்திருந்தால் எனக்குக் கேட்டிருக்காதா என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் நவமணியின் மனசு முள்ளில் சேலை மாட்டின மாதிரி நின்றுவிடும். ஏனென்றால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பூஜை முடிந்து மாடி வீட்டு ஜெசிந்தா பொரி வாங்க வந்தாள். வந்தவள் சும்மா போகவில்லை, ஆட்டோ ஓட்டுகிற தன் புருஷன் கதையை எடுத்துவிட்டாள். "எல்லாரும் பண்றாங்கன்னு இவரும் ஆட்டோவுக்கு ரெண்டு பக்கமும் வாழக்கன்னு கட்டிட்டாருக்கா. சிக்னல்ல நிக்கறப்ப ஒரு மாடு வந்து எலையப் புடிச்சு இழுக்குது. உள்ள உக்காந்திருக்கற பொம்பள ஹாரன் அடிங்க, ஹாரன் அடிங்கங்கறா. இவரு ஹாரன் அடிச்சா, அது தன்னையத்தான் கூப்புடறாங்கன்னு இன்னும் கிட்ட வருது. பச்ச விழுந்துச்சு, இவரு கெளப்பறாரு, வாயில எலையோட மாடும் கூடவே ஓடுதுக்கா, காந்திபுரம் வரைக்கும்!" ஜெசிந்தா மாடு மாதிரி ஓடிக் காட்டினாள், புருஷன் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக் காட்டினாள். நவமணிக்கு எங்கிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு. மாசியிலிருந்து சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், போதும் கண்ணு, போதும் கண்ணு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஜெசிந்தா போன பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே தட்டில் பொரியும் கடலையும் போட்டு எடுத்துக்கொண்டு, இதை அவருக்கும் சொல்ல வேண்டும், சொன்னால் அவருக்கும் பாதி வாயாவது சிரிக்கும் என்று உள்ளே போனாள். கட்டில் காலியாக இருந்தது. நடக்க முடியாத மனுஷனின் கட்டில் காலியாக இருந்தால் அது என்ன என்று புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, எங்கே போனார் என்றுகூட ஒரு கணம் முட்டாள்தனமாக நினைத்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். கன்னம் தரையில். நெற்றியில் ரத்தம். ஸ்டூலில் வைத்திருந்த மூத்திரக் கேன் கவிழ்ந்து லுங்கியெல்லாம் நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது. கன்னத்தைத் தொட்டாள், ஜில்லென்று இருந்தது. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தார்? அவள் மாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்த நேரம் எல்லாமா?

அதனால் ஈயம்தான். ஈயமாகத்தான் இருக்க வேண்டும். தன் கைவேலை மோசம் என்று நிரூபிக்க ஒருத்தி இத்தனை ஆசைப்பட்டு உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அமுக்கினார், பெல் அடிக்கவில்லை, அதற்குமேல் பொறுக்க முடியாமல் அவரே கேனை எடுக்கப் போய் விழுந்தார் என்று ஆகிவிட்டால் போதும். அது கை தெரியாத பொம்பளை செய்த தப்பு, அழுதுவிட்டு மறுபடி நன்றாகச் செய்துவிடலாம். பெல் அடித்து, அவள் சிரிப்பில் அது கேட்காமல் போயிருந்தால்? அதை எந்த ஈயத்தை வைத்து ஒட்டுவது. நேராக உள்ளே போய்ப் பட்டனை ஒரு தட்டு தட்டிப் பார்த்தால் இந்தக் கணமே தெரிந்துவிடும், அது அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் இந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். முதலில் பேட்டரி. கரண்ட் பார்க்கிற மீட்டரின் இரண்டு கம்பியையும் வைத்தாள், நம்பர் நிறைந்து வந்தது, புதுப் பேட்டரி மாதிரி. நாசமாகப் போக என்று பேட்டரியைத் திட்டினாள். அப்புறம் போர்டைத் திருப்பி, பட்டனிலிருந்து வருகிற இரண்டு ஒயரும் சேர்கிற இடத்தைப் பார்த்தாள். அந்த இரண்டையும் தொட வைத்தால் பட்டனைத் தட்டியதற்குச் சமம். பிரிந்து போன மாதிரி இரு, செத்த மாதிரி இரு என்று வேண்டிக்கொண்டு கத்திரி முனையை இரண்டுக்கும் நடுவில் வைத்தாள். பஸ்ஸர் அலறியது. அவள் உடம்பு ஒரு முழம் தூக்கிப் போட்டது. அப்பா, என்ன சத்தம். நிறுத்தவும் முடியாது, நிறுத்த முடியாதபடிதானே செய்தாள், தானாக ஓயும்வரைக்கும் இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கைக்குள் அது நடுங்கியது. உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம் சத்தமில்லை. போர்டு நன்றாக இருக்கிறது.

இல்லை, இப்போது நன்றாக இருக்கிறது. இப்போது இருப்பது நேற்று இருந்ததாகுமா? டிரை சால்டர் அப்படித்தானே, ஆட்டினால் ஒட்டும், ஆட்டினால் விலகும். அவள் ஒவ்வொரு காலாக ஊசிமுனையால் நெம்பிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. ஹூக்கு தைத்தால் ரவிக்கை கிழிந்தாலும் ஹூக்கு பிய்ந்து வராது என்று பெயர் வாங்கினவள், ஈயத்தையும் அப்படியே வைத்துத் தொலைத்திருக்கிறாள். ஓரத்தில் ஒன்று மட்டும் மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அதைக் கண்டதும் வயிற்றில் பால் வார்த்தது. இதுதான், இதோ இருக்கிறது, இந்தச் சனியன்தான் என்று ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்னை பிளக்கில் சொருகினாள். சூடாகட்டும். ஈயம் பிடிக்கத் தடவுகிற பேஸ்ட்டின் வாசனை எழுந்தது, அந்த வாசனை அவளுக்குப் பிடிக்கும், மத்தியானங்களில் அவர் தூங்கும்போது இந்த வாசனையோடு உட்கார்ந்திருப்பது கோயிலில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும், இப்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சூடு வைப்பதற்கு முன்னால் எதற்கும் இருக்கட்டும் என்று மீட்டரை வைத்தாள், வைத்திருக்க வேண்டாம். மீட்டர் பீப் என்றது. சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அழுத்தினாள், பீப். நெம்பினாள், பீப். போர்டையே வளைத்தாள், பீப். அப்படியும் சூடு வைத்து, பழைய ஈயத்தை உருக்கி, புதிதாக ஈயம் விட்டாள், யாரோ பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி, யாருக்கோ கணக்குக் காட்டுகிற மாதிரி. ஈயம் வெள்ளி மாதிரி ஓடிப் படிந்தது. இவ்வளவு அழகாக அவள் ஒருநாளும் வைத்ததில்லை.

"அக்கா" என்று வாசலில் குரல் கேட்டது. ஜெசிந்தா. வாசல்படியைத் தாண்டாமல் நின்றாள், கையில் ஏதோ தூக்குப் போசி. "அண்ணன் எப்படிக்கா இருக்காரு? ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல. ரசம் வெச்சேன், கொஞ்சம் கரைச்சு ஊட்டுங்க." நவமணி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததுமே மனசுக்குள் மாடு ஓடியது, ஓடக்கூடாத மாடு. "கண்ணு, நேத்து நீ இருக்கறப்ப இந்தப் பெல்லு அடிச்சுதா?" என்று கேட்டாள். ஜெசிந்தா வெலவெலத்துப்போனாள். "பெல்லா? இல்லியேக்கா. அடிச்சிருந்தா நான் உட்டிருப்பனா, உங்களுக்கு முந்தி ஓடிருப்பேன்." நவமணிக்கு உயிர் வந்தது. ஜெசிந்தாவோ பொய் சொல்லத் தெரியாதவள், போசியின் பிடியைத் திருகினாள். "ஆனா... நாம போட்ட சத்தத்துல... எனக்குச் சத்தியமாத் தெரியலக்கா. நான் வேற மாடு மாதிரி கத்திட்டிருந்தேன்." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நவமணி போசியை வாங்கி வைத்து, "நீ போ கண்ணு, நீ என்ன பண்ணுவ, போய் வேலையப் பாரு" என்று அனுப்பிவைத்தாள். அவள் படியேறுகிற சத்தம் ஓய்ந்தது. இந்தப் பஸ்ஸர் அலறினால் எதிர்வீட்டு நாய் குரைக்கும், அது எப்படிக் கேட்காமல் போகும் என்று ஒரு பக்கம். கேட்காது, சிரிக்கும்போது காது அடைத்துக்கொள்ளும், அதுவும் மாசக்கணக்கில் அடக்கி வைத்த சிரிப்பு என்று ஒரு பக்கம். நாய் குரைத்ததா நேற்று? ஞாபகம் இல்லை. மாடுதான் ஞாபகம் இருக்கிறது. அவர் முதல் தட்டு தட்டியிருப்பார். சிரிப்பு. இரண்டாம் தட்டு. சிரிப்பு. தட்டிவிட்டு வாசலையே பார்த்திருப்பார், இதோ வருவாள், இதோ வருவாள் என்று.

ஒயர் பாக்கி இருக்கிறது. எழுந்தாள், கால் மரத்திருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒயரின் வழியே போனாள். கிளிப் அடித்த இடமெல்லாம் விரலால் தடவினாள். கதவு நிலைக்குக் கீழே ஒயர் நசுங்கியிருக்கலாம், கதவைச் சாத்தும்போது அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். எலியே, ஒரு கடி கடித்திருக்கக் கூடாதா, எத்தனை துணி கடித்தாய், இதைக் கடிக்க உனக்குப் பல் இல்லையா. பொரியை மிதித்துக்கொண்டு உள்ளே போனாள், நொறுங்கியது. சென்னியப்பன் கண் மூடிக் கிடந்தார். நெற்றியில் கட்டு, அதற்குக் கீழே ஒரு கண் வீங்கி ஊதாவாகியிருந்தது. இடது கைப்பக்கம் கட்டில் சட்டத்தில் சோப்பு டப்பா கட்டியிருந்தது. அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து, டப்பாவின் பின்பக்கமாக விரலை விட்டு, பட்டனின் இரண்டு காலையும் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தாள். பார்க்காமலே கண்டுபிடிக்கிற விரல். தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கை அவிழ்த்து, பட்டனைத் தொடாமல், பின்னாலேயே இரண்டு காலையும் இணைத்து வைத்தாள். வைத்த மாத்திரத்தில் முன்னறையில் பெல் அடித்தது. தெருவில் நாய் குரைத்தது. அடித்து, அடித்து, ஓய்ந்தது. கட்டிலுக்கு அடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆக போர்டு சரி, ஈயம் சரி, ஒயர் சரி. பட்டன் ஒன்றுதான் மிச்சம், பட்டன் மாதிரி கெடாத சாமான் உலகத்தில் இல்லை. ஆக அடித்திருக்கிறது. ஆக நான் சிரித்திருக்கிறேன். முடிந்தது. இனி யாரிடம் சொல்வது, என்ன சொல்வது, இந்த வீட்டில் இனி எப்படி வாயைத் திறப்பது என்று தலைக்குள் ஓடிக்கொண்டிருக்க, அவள் வெளியே தவழ்ந்து வந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து, சோப்பு டப்பாவை மேலிருந்து பார்த்தாள்.

பட்டனின் நடுவில் சந்தனப் பொட்டு இருந்தது. சந்தனத்தின் மேல் குங்குமம். நேற்று மெஷின், கத்திரி, அயர்ன், மீட்டர் என்று வரிசையாக வைத்துக்கொண்டு வந்தவள், இதுவும் ஆயுதம்தானே என்று உள்ளே வந்து இதற்கும் வைத்தாள், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் படுகிற இடத்துக்கே நேராக வைத்திருக்கிறாள். அந்தப் பொட்டு அப்படியே இருந்தது. கலையவில்லை, இழுபடவில்லை, விரிசல் இல்லை. குனிந்து பார்த்தாள், சந்தனத்தில் அவளுடைய மோதிர விரலின் ரேகைகூடத் தெரிந்தது. ஒரு தட்டு தட்டியிருந்தாலும் ஈரச் சந்தனம் நசுங்கியிருக்கும், குங்குமம் கட்டை விரலில் ஒட்டியிருக்கும். பார்த்துக்கொண்டே நின்றாள். முதலில் ஒன்றும் தோன்றவில்லை, அழகாக வைத்திருக்கிறோமே என்றுதான் தோன்றியது. அப்புறம் பிடரியில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. இதை யாரும் தொடவே இல்லை. பெல் அடிக்கவும் இல்லை, அவளுக்குக் கேட்காமல் போகவும் இல்லை. அவர் அமுக்கவே இல்லை. மூத்திரம் முட்டியிருக்கிறது, கைக்குப் பக்கத்தில் பட்டன் இருக்கிறது, ஒரு விரல் நீட்டினால் போதும், நீட்டவில்லை. அவள் காலையிலிருந்து எதை எதையோ நினைத்துப் பயந்தாள், இது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. ஒரு மனுஷன் ஏன் அமுக்க மாட்டான்? எந்த மனுஷன் அமுக்க மாட்டான்? போன மாதம் ரவிக்கைக்கு வந்த ஒருத்தி சொன்னாள், அவள் மாமனார் படுக்கையில் கிடந்தே சலித்துப்போய்ச் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டாராம். ஐயோ. ஐயோ, இவரா. அப்போதுதான் பார்த்தாள், சென்னியப்பன் கண் விழித்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க" என்றாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. அவருக்கு ஆமாம் என்றால் கண்ணை ஒரு தரம் மூடித் திறப்பார், இல்லையென்றால் தலையை அசைப்பார், இத்தனை நாளில் இருவருக்கும் அது பேச்சாகவே ஆகிவிட்டது. "நேத்து பட்டன அமுக்குனீங்களா?" தலை அசைந்தது. இல்லை. தெரிந்ததுதான், ஆனாலும் அந்தத் தலை அசைந்ததைப் பார்த்ததும் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். அப்போது சட்டென்று ஒன்று தோன்றியது, தோன்றியதும் அதைத் தாவிப் பிடித்துக்கொண்டாள். பூஜை! இவர் லேத் பட்டறைக்காரர் அல்லவா, பூஜை போட்ட மெஷினை மறுநாள் பூஜை கலைக்கும்வரை முதலாளியே வந்து கேட்டாலும் ஓட்ட மாட்டேன் என்று நின்ற ஆள் அல்லவா. ஒரு வருஷம் அவசர ஆர்டர் என்று கெஞ்சினவர்களிடம் சாவியைக் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாரே. "பொட்டு வெச்சு பூஜை போட்டதத் தொடக்கூடாதுன்னு உட்டுட்டீங்களா? அதானுங்களே?" என்று கேட்டபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிடும் போலிருந்தது, பைத்தியக்கார மனுஷா, உயிர் போகிற நேரத்தில் சாஸ்திரமா என்று திட்டத் தயாராகிவிட்டாள். அவர் பொட்டைப் பார்த்தார். யோசிக்கிற மாதிரி பார்த்தார். ஆமாம் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறாரோ என்றுகூட அவளுக்குப் பட்டது. தலையை அசைத்தார். இல்லை. கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் இந்த அறையை விட்டு வெளியே போக முடியாது. "அப்ப... போயிச் சேந்தர்லாம்னு பாத்தீங்களா?" சென்னியப்பனின் கண் விரிந்தது. தலையை வேகமாக, கட்டு அவிழ்ந்துவிடும் போல, இல்லை இல்லை என்று அசைத்தார், இடது கையால் கட்டிலைத் தட்டினார், வாயிலிருந்து பா, பா என்று சத்தம் வந்தது. "சரிங்க, சரிங்க, ஆட்டாதீங்க, தையலு புடுங்கிக்கும்" என்று தலையைப் பிடித்துக்கொண்டாள். போன உயிரில் பாதி திரும்பி வந்தது. "பின்ன எதுக்குங்க அமுக்கல? நான் வரமாட்டேன்னு நெனச்சீங்களா?"

அவர் இடது கையைத் தூக்கினார். தூக்க முடிந்த அளவுக்குத் தூக்கி, முன்னறைப் பக்கம் காட்டினார். அப்புறம் அவளைக் காட்டினார். அப்புறம் கை களைத்துப்போய் நெஞ்சின் மேல் விழுந்தது, ஆனால் முகம் எதையோ செய்ய முயன்றது. வாயின் இடது பக்கம் மெல்ல மேலே போயிற்று, வலது பக்கம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. "சிரிக்கறீங்களா?" என்றாள் நவமணி, கோபமாக. "நான் செத்துப் பொழச்சுட்டு நிக்கறேன், சிரிக்கறீங்களா நீங்க?" அவர் கண்ணை மூடித் திறந்தார். ஆமாம். மறுபடியும் கையைத் தூக்கி அவளைக் காட்டினார். பாதி வாய் மறுபடியும் மேலே போயிற்று. "நானா? நான் சிரிச்சதா?" ஆமாம். தெருமுனைப் பாட்டு மாறியது. முன்னறையில் அயர்ன் சூடாகிக்கொண்டே இருந்தது, அணைக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று. கேட்க வேண்டாம், கேட்காமலே தெரிந்துவிட்டது, இருந்தாலும் அவள் வாய் தானாகவே கேட்டது. "நான் சிரிச்சுட்டிருந்தேன்னுதான் அமுக்காம இருந்தீங்களா?" சென்னியப்பன் கண்ணை மூடினார். திறப்பதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. திறந்தபோது வெட்கப்பட்ட மாதிரி சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அவள் சிரிப்பதைக் கேட்டபடி இவர் இங்கே படுத்திருந்திருக்கிறார், முட்டியதை அடக்கிக்கொண்டு, அவள் சிரிக்கட்டும், இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று. அடக்க முடியாமல் போனபோதும் அவளைக் கூப்பிடாமல் கேனுக்குக் கை நீட்டியிருக்கிறார். விழுந்த பிறகு அந்த ஜில்லென்ற தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டும் மாட்டுக் கதையைக் கேட்டிருப்பார். இது அன்பா, இதற்கு என்ன பெயர், இதை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள். கோபம்தான் வந்தது. கோபம் தலைக்கேறியது. "என்ற சிரிப்பு என்ன வானத்துல இருந்து எறங்குன சிரிப்பா? அதுக்காகச் சாவீங்களா?" என்று கத்தினாள். "எனக்குச் சிரிப்பு வேண்டாமுங்க. உங்களுக்கு வேணும்னா கூப்புடோணும். நான் செத்த வீட்ல அழுதுட்டு இருந்தாலும் கூப்புடோணும், சிரிச்சுட்டு இருந்தாலும் கூப்புடோணும். புரியுதுங்களா?" அவர் கண்ணை மூடித் திறந்தார். பெரிய பேச்சு. கண்ணை மூடித் திறப்பது யாருக்குத்தான் கஷ்டம். கோளாறு எந்த நேரத்தில் வந்ததோ அதே நேரத்தை உண்டாக்கிப் பார்த்தால்தான் சரியாகிவிட்டதா என்று சொல்ல முடியும், மேஜையில் வைத்து ஓடினால் போதாது, இதுவும் அந்த வீடியோக்காரன் சொன்னதுதான். நவமணி எழுந்தாள். முந்தானையால் பட்டனின் பொட்டைத் துடைத்தாள். அவர் இடது கையை எடுத்து, கட்டை விரலைப் பட்டனின் மேல் வைத்தாள். "நான் முன்னால போயிச் சிரிப்பேன். சிரிக்கறப்பவே நீங்க அமுக்கோணும். முடிஞ்சப்பறம் இல்ல, சிரிக்கறப்பவே. செரிங்களா?" அவர் கண்ணை மூடித் திறந்தார்.

முன்னறைக்கு வந்தாள். அயர்னின் பிளக்கைப் பிடுங்கினாள். போர்டுக்கு எதிரில் நின்றுகொண்டு, சிரிக்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. மாட்டை நினைத்தாள், வாயில் இலையோடு ஓடுகிற மாட்டை, திரும்பித் திரும்பிப் பார்க்கிற மனுஷனை. ஹா என்று ஒரு சத்தம் வந்தது, கேட்க அசிங்கமாக இருந்தது. இன்னொன்று வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. சிரித்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, டிபன் டப்பாவையே பார்த்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, யாரோ எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அமுக்குங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு சிரித்தாள். அமுக்குங்க, இப்ப அமுக்குங்க, சாமி, அமுக்கித் தொலைங்க. பஸ்ஸர் பேசாமல் உட்கார்ந்திருந்தது. இன்னும் பலமாகச் சிரித்தாள், கேட்கவில்லையோ என்று உள்ளறை வாசல் வரைக்கும் போய்ச் சிரித்தாள், திரும்பி வந்து சிரித்தாள், பொய்ச் சிரிப்பு எங்கேயோ நிஜச் சிரிப்பாகி, மாடு நிஜமாகவே ஓடி, கண்ணில் நீர் கொட்ட, விலா வலிக்க, மூச்சு முட்டச் சிரித்தாள். பெல் அடிக்கவில்லை. இதற்குமேல் முடியாது என்று சுவரில் சாய்ந்து வாயை மூடினாள்.

பெல் அடித்தது.